நூற்று முப்பது லிட்டர் பொய்

அத்தியாயம் 9

"கணக்கு சரியா இருக்கு மேடம். இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் லுன்ட் அந்தத் தாளை ராக்னாவின் மூக்குக்கு நேராக ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன ஷூரின் அடுப்பு வீட்டுக்குள் பத்து நிமிஷம் நிற்க இந்த ஆளிடம் அனுமதி வாங்குவதற்குள் மூன்று நாள் போயிருந்தது. ஆஸ்லோவிலிருந்து மாற்றலாகி வந்த மனுஷன். இந்த வோஸ் ஊரில் எவன் வாயைத் திறந்தாலும் "எழுதிக் குடுங்க" என்பார்.

"ஆட்டாதீங்க சார், காத்து வருது" என்றேன்.

"கோரே, சும்மா இரு" என்றார் ராக்னா.

தனியார் துப்பறிவாளரான ராக்னா என் பாஸ். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று காலையிலிருந்தே இறங்கித்தான் இருந்தது.

அடுப்பு வீடு என்பது முற்றத்து ஓரத்தில் பீர் காய்ச்சுவதற்கென்றே கட்டிய கல் கொட்டகை. உள்ளே ஒரு பெரிய அடுப்பு, அதன்மேல் செம்புக் கொப்பரை, மூலையில் மூடி போட்ட பீப்பாய். சனிக்கிழமை சாயங்காலம் ஷூர் இங்கேதான் பின்மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, கிளறும் துடுப்பு. அன்று செவ்வாய்க்கிழமை; அவருடைய ஒரே மகள் சிக்னி லாக்கப்பில் இருந்தாள். மூன்று மணி ரயிலில் அவளை பெர்கன் சிறைக்குக் கொண்டுபோக ஏற்பாடு. "நான் செய்யல. வாங்க" என்று அவள் எழுதி அனுப்பிய மூன்று வார்த்தைக்காகத்தான் நாங்கள் இந்த வழக்கிலேயே இறங்கினோம்.

லுன்ட் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "சனிக்கிழமை காலையில அப்பனுக்கும் பொண்ணுக்கும் சண்டை. பால் ஊத்த வந்தவன் காதால கேட்டிருக்கான். ரெண்டு மணியிலேருந்து ஊரே ஹால்டோர் பொண்ணு கல்யாணத்துல இருக்கு. இந்தப் பொண்ணு மட்டும் போகல. ஏன் போகல? மாப்பிள்ளை இவளைக் கைவிட்டவன். நாலு மணிக்கு ஷூர் உயிரோட இருந்திருக்கார், இதோ எழுதியே வச்சிருக்கார். அப்புறம் செத்திருக்கார். அந்த நேரத்துல இங்க இருந்த ஒரே ஆள் யாரு?"

அவர் கையிலிருந்த தாள் கதவின் உள்பக்கம் ஆணியில் தொங்கியிருந்தது. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் பென்சிலில் ஒரு வரி எழுதுவது வழக்கம். இது புதுத் தாள். ஒரே ஒரு வரி. சனி. தண்ணீர் 160. மால்ட் 30. பீப்பாய்க்கு 130. ஈஸ்ட் 4 மணி.

"கோரே, நீ பாரு. கணக்கு எப்படி?"

பார்த்தேன். நூற்றறுபது லிட்டர் தண்ணீர். முப்பது கிலோ மால்ட், கிலோவுக்கு ஒரு லிட்டர் குடித்துவிட்டுச் சக்கையோடு போய்விடும். மிச்சம் நூற்று முப்பது.

"துல்லியமா இருக்கு பாஸ். சொல்லவே கடுப்பா இருக்கு, ஆனா இந்த ஆள் சொல்றது சரி."

லுன்ட் மார்பை நிமிர்த்தினார்.

ராக்னா பீப்பாயின் மூடியைத் தூக்கினார். ஒரு குச்சியை விட்டு அளந்தார். நூற்று இருபத்தெட்டு. பிறகு ஒரு குவளையில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாரு."

"தடயத்தைக் குடிக்கிறாங்க!" என்று லுன்ட் கத்தினார். நான் அதற்குள் குடித்துவிட்டேன்.

பால் மாதிரி வெளுத்து, கெட்டியாக, பச்சைத் தானிய வாசனையோடு தொண்டையில் இறங்கியது. எவ்வளவு நாளாயிற்று! "ஆஹா! பாஸ், இது எங்க அம்மா கை பீர்! அசல் எங்க ஊர் ருசி!"

"உங்க ஊர்ல எத்தனை மணி நேரம் கொதிக்க வைப்பாங்க?"

"கொதிக்க வைக்கிறதா? எதுக்கு? எங்க ஹோர்னின்டால்ல அதெல்லாம் கிடையாது. சக்கையை வடிச்சு நேரா பீப்பாய்க்கு..."

என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"நாலு வருஷமா வோஸ் பீரைக் குடிக்கிற. ஒரு நாளாவது இதே ருசி வந்திருக்கா?" என்றார் ராக்னா.

வந்ததே இல்லை. வோஸ் பீர் சிவந்திருக்கும், கனமாக இருக்கும். வாங்கி வாங்கிக் குடித்தேனே தவிர, அது ஏன் சிவப்பு என்று என்றைக்காவது கேட்டேனா? மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சார், இங்க வாங்க" என்று ராக்னா லுன்ட்டைக் கூப்பிட்டார். "வோஸ்ல பீரை நாலு மணி நேரம் சுண்டக் காய்ச்சுவாங்க. மணிக்குப் பன்னிரண்டு, பதிமூணு லிட்டர் ஆவியா போகும். நாலு மணி நேரத்துல அம்பது. நூத்தி அறுபதுல மால்ட் குடிச்சது முப்பது போச்சு, கொதியில அம்பது போச்சு. பீப்பாய்க்கு எவ்வளவு வரணும்?"

"எண்பது" என்றார் லுன்ட், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"தாள்ல நூத்தி முப்பது. பீப்பாயிலயும் ஏறக்குறைய அதே. இப்ப கொப்பரையைப் பாருங்க. சுண்டியிருந்தா உள்பக்கம் கறை மேலேருந்து கீழே வரைக்கும் இறங்கியிருக்கும். கறை மேல மட்டும்தான் இருக்கு. அடுப்புல விறகு பாதிகூட எரியல, சாம்பல் தண்ணி ஊத்தினாப்ல கட்டி தட்டிக் கிடக்கு. கொதி வந்த கையோட யாரோ தீயை அணைச்சிருக்காங்க."

"அதனால?"

"அதனால நாலு மணிங்கறது பொய். காலையில ஆறு மணிக்கு அப்பா மால்ட் கலக்கினார்னு சிக்னி வாக்குமூலத்துல இருக்கு. ஊறி, வடிஞ்சு, கொப்பரை நிறைய ஆறு மணி நேரம். ஷூர் செத்தது பன்னிரண்டு மணிக்கு. கொன்ன ஆள் கொப்பரையில இருந்ததைப் பீப்பாயில ஊத்தி, ஈஸ்ட் போட்டு, தன் கைக்குப் பழக்கமான கணக்கை எழுதி வச்சிட்டு, கல்யாணத்துக்குப் போயாச்சு."

எனக்கு ரத்தம் சூடேறியது. பிணத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பீர் ஊற்றியிருக்கிறது ஒரு ஜென்மம்.

லுன்ட் சமாளித்துக்கொண்டார். "பன்னிரண்டு மணிக்கும் அந்தப் பொண்ணு வீட்லதானே இருந்தா? அவளே கொன்னுட்டு எழுதியிருக்கலாமே."

"சார், அவ ஷூர் பொண்ணு. நடக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கொப்பரையைச் சுத்தித் தவழ்ந்தவ. பொய் எழுதறதா இருந்தா எண்பதுன்னுதான் அவ கை எழுதும். நூத்தி முப்பதுன்னு எழுத இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வராது. கோரே ஊர்க்காரங்களுக்குத்தான் வரும்."

லுன்ட் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னை எதுக்கு முறைக்கிறீங்க? சனிக்கிழமை நான் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றேன். "எங்க ஊர்க்காரன் இந்த வட்டாரத்துல இன்னொருத்தன் இருக்கான். வாங்க, காட்டறேன்!"

கல்யாண மாப்பிள்ளை யோஸ்தைன். மர ஆலையில் வேலைக்கு வந்து, இரண்டு வருஷம் சிக்னியோடு சுற்றிவிட்டு, ஹால்டோர் மகளைக் கட்டியவன். எங்கள் மண்ணில் பிறந்து இப்படி ஒரு காரியம் செய்தானே என்று காரில் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஹால்டோர் வீட்டில் கல்யாணக் களை இன்னும் போகவில்லை. நீள மேஜையில் அவித்த ஆட்டுத்தலைகள், உருளைக்கிழங்கு, குவளைகள். ஊரில் கொலை நடந்த துக்கத்துக்காகப் பாட்டை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். ஹால்டோர் ஒரு ஆட்டுக் கன்னத்தை வெட்டிக்கொண்டே எங்களை வரவேற்றார்.

மணி ஒன்றரை.

நான் யோஸ்தைன் சட்டையைப் பிடிப்பதற்குள் ராக்னா என் சட்டையைப் பிடித்தார். "அதட்டினா ஒண்ணும் வராது. பேசாம வா."

பிறகு ஹால்டோரிடம் சாதாரணமாகக் கேட்டார். "ஐயா, ஷூர் அடக்கத்துக்கு வர்றவங்களுக்கு பீர் காய்ச்சணும். அந்த வீட்ல இப்ப ஆள் இல்ல. எண்பது லிட்டர் பீப்பாய்க்கு வரணும், முப்பது கிலோ மால்ட் இருக்கு. எவ்வளவு தண்ணி வைக்கட்டும்?"

"நூத்தி அறுபது" என்றார் ஹால்டோர், கத்தியைக்கூட நிறுத்தாமல். "உன் கொப்பரை வாய் அகலம்னா நூத்தி எழுபது. இதைக் கேட்கவா கார் போட்டுக்கிட்டு வந்தீங்க?"

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

யோஸ்தைன் தலையை நிமிர்த்தினான். மூன்று நாள் மாப்பிள்ளையின் முகமாக இல்லை அது. கண் வீங்கியிருந்தது.

"நூத்தி அறுபதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், யோசிச்சுச் சொல்லு! நம்ம ஊர்க் கணக்குப்படி சொல்லு!"

"நம்ம ஊர்க் கணக்கை வச்சு இங்க என்னத்தக் காய்ச்சறது? ரெண்டு வருஷம் ஷூர் பக்கத்துல நின்னு விறகு போட்டவன் நான். நாலு மணி நேரம் ஒரு அடி நகர விடமாட்டார். ஒரு தடவை ஒதுங்கப் போனதுக்கு ஒரு வாரம் திட்டினார்." சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "என்னைச் சந்தேகப்பட்டுத்தான் வந்தியா? ஊர்க்காரன்னு சொல்லிக்கிட்டு வந்து என் கல்யாண வீட்ல உட்கார்ந்து எனக்கே பரீட்சை வைக்கிறியா? அந்த மனுஷன்கிட்ட நான் பண்ணினது துரோகம், ஒத்துக்கறேன். கொலை பண்ணுவேனாடா?"

"கத்தாதே!"

"நீ கத்தாதே!"

லுன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அப்படியே பிடித்து ஆட்டுத்தலை குழம்பில் முக்கலாம் போல இருந்தது எனக்கு. நான் பிடித்த ஆள் நழுவிவிட்டான். சிக்னிக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

"யார்யா அது என் பையன்கிட்ட குரலை உயர்த்தறது?"

சமையலறையிலிருந்து ஜாடியோடு ஒரு அம்மா வந்தார். யோஸ்தைனின் தாய் போர்கில்ட். வெள்ளிக்கிழமைதான் ஹோர்னின்டாலிலிருந்து வந்தவர். கல்யாணத்துக்குத் தன் கையால் காய்ச்சிய பீரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல தோள். என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஒண்ணுமில்லம்மா, சாவு வீட்டு பீர்ல ஒரு சந்தேகம்" என்றார் ராக்னா. அவர் குரல் சட்டென்று இறங்கியது. எனக்கு அது புரிந்தது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. "எண்பது லிட்டர் வரணும். முப்பது கிலோ மால்ட். நூத்தி அறுபது தண்ணின்னு இவங்க எல்லாரும் சொல்றாங்க."

"நூத்தி அறுபதா? எந்த முட்டாள் சொன்னான்? எண்பதும் முப்பதும் நூத்தி பத்து. அவ்வளவுதான். நான் இருபத்தாறு வருஷமா காய்ச்சறேன்."

"கொஞ்சம் எழுதித் தர்றீங்களா? மறந்துடுவேன்."

போர்கில்ட் ஜாடியை வைத்துவிட்டு ராக்னா நீட்டிய பென்சிலை வாங்கினார். 80, 30, 110. ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதினார்.

ஹால்டோர் சிரித்துவிட்டார். "சம்பந்தியம்மா, கொதியில போறதுக்கு யார் ஊத்துவாங்க?"

"என்ன கொதி?"

"நாலு மணி நேரம் கொதிக்குமே, அதுல பாதி காத்துல போயிடுமே!"

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். யோஸ்தைன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் மெல்ல வடிந்து போனது. மனதுக்குள் அவர் எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன், அவன் என்றே தேடிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் பீர் காய்ச்சியதே என் அம்மாதான். அந்த ருசியை வாயில் வைத்துக்கொண்டே ஒரு ஆம்பளையைத் தேடி ஓடிவந்த மடையன் நான்.

ராக்னா, அடுப்பு வீட்டிலிருந்து எடுத்த தாளையும் இந்தத் தாளையும் லுன்ட் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே மூன்று, தலை தட்டையாக. அதே சுழி, அடியிலிருந்து ஆரம்பித்து மேலே மூடியது. லுன்ட் ஒரு நிமிஷம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். முதல் தடவையாக அந்த ஆள் "எழுதிக் குடுங்க" என்று கேட்கவில்லை.

"அம்மா?" என்றான் யோஸ்தைன்.

"உனக்காகத்தான்டா!" போர்கில்ட் வெடித்தார். "அந்த ஆள் வெள்ளிக்கிழமை ஆள் விட்டுச் சொன்னான். அவன் பொண்ணு வயித்துல உன் பிள்ளையாம். சர்ச்சுல எழுந்து நின்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லி, கல்யாணத்தை நிறுத்துவானாம். போனேன். கெஞ்சினேன். நான், ஒருத்தன் வாசல்ல நின்னு ஒரு பிடி உப்பு கேட்டதில்ல, அவன்கிட்ட கையெடுத்துக் கெஞ்சினேன். முகத்தைக்கூடத் திருப்பலையே! முதுகைக் காட்டிக்கிட்டு, அடுப்புல விறகு போட்டுக்கிட்டே இருந்தான். வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. எவ்வளவு திமிர் இருந்தா..."

"எந்த அடுப்புல விறகு போட்டார்?" என்று ராக்னா கேட்டார்.

"என்ன கேள்வி இது? கொப்பரை அடுப்புல!"

"அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

போர்கில்ட் புருவத்தைச் சுருக்கினார். ராக்னாவே சொன்னார்.

"வோஸ்காரன் கொப்பரைக்குக் கீழே தீ மூட்டினா நாலு மணி நேரத்துக்கு அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். வீடே பத்தி எரிஞ்சாலும் நகரமாட்டான். கல்யாணம் ரெண்டு மணிக்கு. அவர் தீ மூட்டினது பன்னிரண்டு மணிக்கு. எப்படிம்மா சர்ச்சுக்கு வருவார்? அவர் வர்றதா இல்ல. இந்த மேஜையில இருக்கிற யார் அந்த அடுப்பைப் பார்த்திருந்தாலும் நிம்மதியா திரும்பி வந்திருப்பாங்க."

ஹால்டோர் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. போர்கில்ட் ராக்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்தார், ஏதோ அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்பது போல.

"ஆமாம்மா" என்றான் யோஸ்தைன். "வந்திருக்க மாட்டார்." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மேஜையைக் கவிழ்த்துவிட்டான். ஆட்டுத்தலைகள் தரையெல்லாம் உருண்டன. "வயித்துல இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மாலையும் கழுத்துமா நிக்க வச்சியே, சொன்னியா?"

லுன்ட் போர்கில்ட்டின் கையைப் பிடித்தபோது அந்த அம்மா திமிறவில்லை.

இரண்டே முக்காலுக்கு லாக்கப் வாசலில் நின்றோம். லுன்ட் பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சட்டைப் பை, கால்சட்டைப் பை, மறுபடி சட்டைப் பை.

"பூட்டும்போது மட்டும் கண்டுபிடிச்சீங்களே சார்" என்றேன். ராக்னா என்னைத் தடுக்கவில்லை.

சிக்னி வெளியே வந்தாள். வெளுத்துப் போயிருந்தாள். நன்றி சொல்வாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது கோபம். மூன்று நாள் ஊறிய கோபம். ராக்னா நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போகாதீங்கன்னு சொன்னேன்" என்றாள். "காலையில அதுக்குத்தான் சண்டை. ஊர் நடுவுல என் வயித்தைப் பத்திப் பேசாதீங்க, என் மானத்தை நீங்களே வாங்காதீங்கன்னு கதறினேன். பதிலே சொல்லாம துடுப்பைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். அவருக்கு எப்பவும் அப்படித்தான். நான் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டேன். ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தா அடுப்பு வீட்டுப் புகைபோக்கியில புகை இல்ல. தீயை அணைச்சிட்டு சர்ச்சுக்குக் கிளம்பிட்டார்னு நினைச்சேன். போய் அந்தக் கதவை உதைச்சேன். இனிமே எனக்கு அப்பனே இல்லன்னு கத்தினேன். சாயங்காலம் கண்டுபிடிச்சு வந்து சொல்ற வரைக்கும் அவரைச் சபிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். உள்ள வந்தும் அது போகல. இன்னி வரைக்கும் போகல."

"தீயை அணைச்சது அவர் இல்லம்மா" என்றார் ராக்னா.

சிக்னி திரும்பினாள்.

"கொப்பரை அடுப்புத் தீயையா?"

"ஆமா."

"பெரிய விறகா போட்டிருந்தாரா? இல்ல, சும்மா சூடு காட்ட சுள்ளியா?"

"பெரிய விறகு. நாலு மணி நேரத்துக்கும் போதுற மாதிரி பக்கத்துல அடுக்கியும் வச்சிருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன்."

வோஸ் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லுன்ட் கையெழுத்துக்காக நீட்டிய தாளை அவள் தட்டிவிட்டாள். படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் படியை ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்த மனுஷன்! போகலடின்னு ஒரே ஒரு வார்த்தை! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல!"